றால் தின்ற கல்லு

கலியாணம் முடித்த ஆறு வருடங்களில் என் மாமி என்னோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நான் பக்கத்திலேயே நின்றாலும் தன் மகனை, என் புருசனைப் பார்த்து, "தம்பி, உவ எத்தினை மணிக்குப் பள்ளிக்கூடத்தாலை வருவாவாம்?" என்று கேட்பார். நானும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "இஞ்சாருங்கோ, மூண்டு மணிக்கு வருவனெண்டு சொல்லுங்கோ" என்று அவரைப் பார்த்தே பதில் சொல்வேன். நடுவில் நின்ற மனிதர் ஒருநாள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "நான் என்ன தபால் கந்தோரே?" என்று கத்தினார். அன்றைக்குக்கூட நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் 'இவ' என்றால் வீட்டுக்காரி. 'அவ' என்றால் எங்கேயோ இருக்கிற ஒருத்தி. 'உவ' என்று முகத்துக்கு நேரே சொன்னால், நிற்கிறாய்தான், ஆனால் எங்களோடு சேர்த்தி இல்லை என்று அர்த்தம். அந்த 'உ' என்கிற ஓரெழுத்து எனக்கு ஆறு வருடமும் செருப்புக்குள் கல்லாகக் குத்தியது.

வீடு தென்மராட்சியில், கொடிகாமம் சந்தையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரம். வயல் செய்கிற கமக்காரக் குடும்பம், பரம்பரைச் சைவம். மாமா நான் வருவதற்கு முதலே காலமாகிவிட்டார். மாமிக்கு ஒரே மகன். அந்த ஒரே மகன் போய் நெல்லியடிப் பக்கத்து வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பத்தில், மீன் இல்லாமல் சோறு இறங்காத ஒருத்தியை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தால் எந்தத் தாய்க்குத்தான் கொதி வராது? இன்றைக்கு இப்படி நியாயமாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு என்னுடைய கொதி மட்டும்தான் தெரிந்தது. வீட்டுக்குள் மச்சம் வரக்கூடாது, மீனோ இறைச்சியோ எதுவும் படியேறக்கூடாது என்பதுதான் மாமி போட்ட ஒரே நிபந்தனை. அதையும் மகனிடம்தான் சொல்லி அனுப்பினார். சரி என்று அவரிடமே சொல்லி அனுப்பினேன்.

நான் நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தேன். ஆய்வுகூடத்தில் இருந்ததெல்லாம் போத்தலில் ஊறிய பாம்பும் தவளையும் வெளிறிப்போன நட்சத்திரமீனும்தான். பத்து வருடமாகச் செத்ததைக் காட்டி உயிரைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சண்டையால் ஊருக்குக் கரண்ட் நின்று இரண்டாவது வருடம் அது. மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி சும்மா கிடந்து தூசு பிடித்தது. அதிபரிடம் கேட்டேன். "உடையிறதுக்கு முதல் கொண்டு போங்கோ ரீச்சர்" என்றார்.

ஏன் கேட்டேன் என்றால், எனக்கு அந்த வீட்டில் தனிமை தாங்க முடியவில்லை. இவர் கொடிகாமத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. காலையில் போனால் இருட்டத்தான் வருவார். மூன்று மணியிலிருந்து அதுவரை நானும் மாமியும் ஒரு கூரைக்குக் கீழே. சட்டி வைக்கிற சத்தமும் தும்புத்தடியால் கூட்டுகிற சத்தமும்தான் கேட்கும். நான் வந்தால் அசைகிற ஒரு உயிர் வேண்டும் என்று இருந்தது. மீன் வளர்க்கலாம்தான். ஆனால் மீன் உயிரோடு இருந்தாலும் மச்சம்தானே என்று கதை வரும். அப்போதுதான் முருகைக்கல், அதுதான் பவளப்பாறை, ஞாபகம் வந்தது. கடலுக்குள் அது உயிர். ஆனால் ஊரில் ஒரு குருவிகூட அதை உயிர் என்று சொல்லாது. மதில் கட்டுவதும் அதைக்கொண்டுதான், சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவதும் அதைத்தான். பெயரிலேயே கல் இருக்கிறதே!

என்னோடு படிப்பித்த ஒரு ரீச்சருக்கு ஊர் வல்வெட்டித்துறை. அவருடைய அண்ணை கடற்தொழில், கடலுக்குள் மூழ்கிச் சுழியோடுவதிலும் கெட்டிக்காரர். கேட்டதும் கரையோரத்தில் இருந்து கிளைவிட்ட மண்ணிறக் கல் ஒன்று எடுத்து அனுப்பினார். அழகான சாமான். இரண்டு கிழமையில் நுனியிலிருந்து வெளிறத் தொடங்கி, மூன்றாம் கிழமை நாறத் தொடங்கியது. இவர்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்த் தென்னை அடியில் தாட்டார்.

பிழை என்னுடையதுதான். வெயில் விழுகிற ஆழமில்லாத இடத்துக் கல்லைக் கொண்டுவந்து, நாலு பக்கமும் மாமர நிழல் விழுகிற, தடிச்ச சுவர் வீட்டுக்குள் வைத்தால் அது பிழைக்குமா? முற்றத்தில் வைக்கலாம் என்றால் மத்தியானத்துக்குள் தண்ணீர் கஞ்சி வைக்கிற சூட்டுக்கு வந்துவிடும், போதாதற்குக் காகம். வீட்டுக்குள் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் வெளிச்சம் இல்லை. வெளிச்சத்தை நான் எங்கே போய் வாங்குவது? மண்ணெண்ணெயே போத்தலில் அடிப்பாகத்துக்குத்தான் கிடைக்கிற காலம். கல்லுக்கு ஏற்ற வெளிச்சம் தேடுவதை விட்டுவிட்டு, வீட்டில் இருக்கிற இருட்டுக்கு ஏற்ற கல்லைத் தேடவேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. "வெயில் படாத இடத்திலை இருக்கிறதாப் பாத்து எடுக்கச் சொல்லுங்கோ ரீச்சர், பாறைக்கு அடியிலை, பொந்துக்குள்ளை" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை அந்த அண்ணை வாளியில் மூன்று கொண்டுவந்து நெல்லியடியில் தந்தார். ஒன்று ஈரக் காளான் விரித்ததுபோல மடிப்பு மடிப்பாக, தொட்டால் தோல். அதற்கு வெளிச்சம் கொஞ்சம் போதும் என்றாலும் அந்தக் கொஞ்சமும் எங்கள் வீட்டில் இல்லை. இன்னொன்று உருண்டையாகச் சாம்பல் நிறத்தில். மூக்கில் பிடித்துப் பார்த்தேன். உயிருள்ள கல் கடல் மணக்கும், சாகிற கல் பழுதான முட்டை மணக்கும். இது முட்டை. மூன்றாவது கைப்பிடி அளவு. பனம்பழக் களியின் நிறம். சின்னச் சின்னக் குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்த மாதிரி, எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு. ஒவ்வொரு குழாயும் ஒரு வாய், எல்லாம் இறுக்கி மூடியிருந்தன.

"உது பாறைக்குக் கீழை தலைகீழாத் தொங்கினது, ரீச்சர்" என்றார் அண்ணை. "சீவியத்திலை வெயில் கண்டிராது."

"அப்ப உதுதான் எனக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேள்வி மகனிடம் போனது. "தம்பி, உவ என்னத்தைக் கொண்டுவந்திருக்கிறா?"

"கல்லெண்டு சொல்லுங்கோ" என்றேன் நான்.

"கண்டறியாத கல்லு! கல்லுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதுக்கு உப்புத் தண்ணி! படிச்சும் என்ன பிரயோசனம்?"

உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு. பொய் சொல்லவில்லை, ஊரே சொல்கிற சொல்லைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான இடம் சாமியறைக்குப் பக்கத்து மூலை. தொட்டியை அங்கேதான் வைத்தேன்.

பராமரிப்பு பெரிய கரைச்சல். கிழமைக்கு ஒருமுறை வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கலன் நிறையக் கடல் தண்ணீர் நெல்லியடிக்கு வரும். சைக்கிள் கரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்றில் ஒரு பங்கை மாற்றுவேன். நீர் வற்றினால் உப்புக் கூடிவிடும். அதற்குக் கண்ணாடியில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவைத்து, கோடு வரைக்கும் பிடித்துவைத்த மழைத் தண்ணீர் விடுவேன். காற்றுக்கு மோட்டார் ஏது? பழைய சைக்கிள் ரியூப் ஒன்றுக்குக் காற்றடித்து, அதிலிருந்து சேலைன் ஏற்றுகிற குழாயைத் தொட்டிக்குள் விட்டார் இவர். அந்தக் குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தை இறுக்கினால் துளித்துளியாகக் காற்று வரும். காலையும் மாலையும் பம்பால் அடித்தால் போதும். யோசனை அவருடையதுதான், நான் உரிமை கோரவில்லை.

எல்லாம் சரி, கல் மட்டும் சரியில்லை. பத்து நாளாக வாய் திறக்கவில்லை. நிறமும் மங்கிக்கொண்டு போனது. தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தேன். பிறகு ஒருநாள் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மண்ணிறக் கற்களின் தசைக்குள் நுண்ணிய பாசி இருக்கிறது, அது வெளிச்சத்தில் சாப்பாடு செய்து கொடுக்கிறது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிட்டது. இருட்டில் இருக்கிற கல்லுக்குப் பாசி இல்லை. பாசி இல்லாவிட்டால் சமைத்துப் போட ஆளில்லை. தானே பிடித்துத் தின்னவேண்டும். விசரி, பத்து வருடமாகப் படிப்பித்ததை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குத் தெரியவில்லை!

வெளிச்சம் வேண்டாத கல்லைத் தேடிப் பிடித்தேன். அது மச்சம் தின்கிற கல்லாக வந்து வாய்த்தது.

வல்வெட்டித்துறை ரீச்சர் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு இரண்டு றாலைக் கொண்டுவருவார். நான் அதைக் காய்ச்சல் குளிசை வந்த வெறும் போத்தலுக்குள் போட்டு, கொப்பிக்கட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கடத்துவேன். பின்னேரம் மாமி சாமியறையில் விளக்கேற்றிப் பாடத் தொடங்கியதும் எனக்கு வேலை தொடங்கும். றால் கழுவிய தண்ணீர் இரண்டு துளி விட்டுவிட்டுக் கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். மணம் பிடித்தால் வாய்கள் ஒவ்வொன்றாக விரியும். ஐயோ, அந்த விரிவு! ஒவ்வொரு குழாயிலிருந்தும் மஞ்சள் விரல்கள் நீண்டு, முழுக்கல்லும் ஒரு பூச்செண்டாகிவிடும். ஈர்க்கின் நுனியில் அரிசியளவு றால் துண்டைக் குத்தி ஒவ்வொரு வாய்க்கும் கொடுக்க வேண்டும். ஒரு வாய்க்குக் கொடுத்தால் மற்ற வாய்க்குப் பசி தீராது. இருபத்திரண்டுக்கும் கொடுத்து முடிய மாமியின் பாட்டும் முடியும். ஓடிப்போய்க் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு, திருநீற்றுத் தட்டோடு வெளியே வருகிற மாமிக்கு முன்னால் கொப்பி திருத்துகிறவளாக இருப்பேன். பகலில் எத்தனையோ தரம் முயன்று பார்த்தேன், அது விரிந்ததே இல்லை. இருள்கிற நேரம்தான் அதற்குக் கணக்கு.

ஐந்து மாதம் இப்படியே போனது. சந்தோசமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

கந்தசஷ்டி தொடங்குவதற்கு முதல் நாள், பள்ளிக்கூடம் நேரத்தோடு முடிந்து மத்தியானமே வந்துவிட்டேன். வீடெல்லாம் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. என் தொட்டி பளிங்கு மாதிரி மினுங்கியது. நிறையத் தெளிந்த கிணற்றுத் தண்ணீர். கல் இல்லை. காற்றுக் குழாய் வடிவாகச் சுருட்டிப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது.

கிணற்றடிக்கு ஓடினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாமி குந்தியிருந்து, கையில் தேங்காய்த் தும்போடு என் கல்லை உரஞ்சிக்கொண்டிருந்தார். நிறமும் வழுவழுப்பும் போய், ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று வந்திருந்தது. உப்புத் தண்ணீர் தென்னைக்கு நல்லது என்று அடியில் ஊற்றியாகிவிட்டது.

வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதில்லை. "மாமி! சாகடிச்சுப்போட்டியளே! அது கல்லில்லை, அது உயிர்! வாயிருக்கு, வயிறிருக்கு! றால் தின்னுறது! அஞ்சு மாசமா இந்த வீட்டுக்கை வைச்சு நான் அதுக்கு றால் குடுக்கிறன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. மாமி கையிலிருந்த தும்பைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மெதுவாக அதைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். உயிரை உரஞ்சிவிட்டோம் என்பது ஒரு இடி, சாமியறைக்குப் பக்கத்தில் மச்சம் என்பது மற்ற இடி. வழக்கம்போல மகன் பக்கம் திரும்பப் பார்த்தார், மகன் அங்கே இல்லை. எழும்பி, உடுத்த சீலையோடு வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றத் தொடங்கினார். நான் கல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். நல்லகாலம், ஒரு கலன் கடல் தண்ணீர் மிச்சம் இருந்தது. கிணற்றுத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, கல் மூழ்குகிற அளவுக்கு அதை விட்டேன். இருபத்திரண்டில் ஒன்பது குழாயில்தான் நிறம் இருந்தது.

இருட்டியதும் இவர் வந்தார். மாமி குசினி வாசலில் நின்று, "உவ கல்லெண்டு பொய் சொல்லி இந்த வீட்டுக்கை மச்சம் வைச்சவ எண்டு சொல்லு" என்றார். நான் அறைவாசலில் நின்று, "இனி இந்த வீட்டிலை நான் இருக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவர் எங்கள் இருவரையும் தாண்டி நடந்தார். போட்டிருந்த சேட்டைக் கழற்றாமலே போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தார்.

மூன்று நாள் அந்த ஒன்பது வாயும் திறக்கவில்லை. நாலாம் நாள் எனக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். மலேரியா. மருந்துக்கு அலையவேண்டிய காலம். அப்பா வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்து என்னை நெல்லியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசல் படலையடியில் நின்றும் என் வாய் சும்மா இருக்கவில்லை. உள்ளே கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன்: "அந்தப் பெட்டியை ஆரும் தொடத் தேவையில்லை. அது செத்துப்போச்சு."

ஐந்து கிழமை அம்மா வீட்டில் கிடந்தேன். இவர் கிழமைக்கு இரண்டு தரம் சைக்கிளில் வந்து போனார். "மாமி எப்பிடி?" என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கிறா" என்றார். கல்லைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உடம்பு தேறத் தேற என் முடிவும் தேறியது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இரண்டு அறை பார்த்தோம். இவர் மறுக்கவில்லை. "அம்மா தனிச்சுப் போவா" என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

"அவவுக்குத் தனிய இருக்கத்தானே விருப்பம்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை விடிய, என் உடுப்பையும் புத்தகங்களையும் எடுத்துவர, முதல் நாள் இரவு வந்து தங்கிய இவரும் நானும் புறப்பட்டோம். மண்ணெண்ணெயில் ஓடுகிற பஸ்ஸில் புகை குடித்துக்கொண்டு கொடிகாமத்தில் இறங்கினோம். பெட்டி ஏற்ற இவர் மாட்டு வண்டில் ஒன்று பேசிக்கொண்டிருந்தார். நான் சந்தை வாசலில் ஒதுங்கி நின்றேன். மீன் விற்கிற ஒரு மனுசி என்னைக் கண்டுவிட்டு எழும்பியே வந்தார்.

"ரீச்சரெல்லே? காய்ச்சல் சுகமோ? மெலிஞ்சு போனியள். மாமி நாள் தவறாமல் றால் வாங்கியும் உடம்பிலை ஒட்டேல்லையே!"

"ஆர் வாங்கினது?"

"உங்கடை மாமிதான். முதல் நாள் எனக்கு நெஞ்சு இடிச்சுப் போச்சு. இந்தப் பக்கம் திரும்பியும் பாராத மனுசி, சீலைத் தலைப்பாலை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிக்கிறா. 'என்ரை மருமகளுக்குக் காய்ச்சல், றால் குடுத்தால்தான் தேறும்' எண்டா. சந்தையே பாத்துக்கொண்டு நிண்டது. கோயில் ஆக்களும் கண்டு கதைச்சவை. அவ ஒருத்தருக்கும் மறுமொழி சொல்லேல்லை."

நான் ஐந்து கிழமையாக நெல்லியடியில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தேன். வண்டிலில் ஏறியதும் இவரைப் பிடித்தேன். "என்ன நடக்குது அங்கை?"

"சொல்லவேண்டாமெண்டு அம்மா சொன்னவ" என்றார் மாட்டைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் சொல்லவேண்டாம்?"

"நீர் வாறதெண்டால் வீட்டுக்கெண்டு வரவேணுமாம். கல்லுக்கெண்டு வரக்கூடாதாம்."

படலையைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போனேன். காலை ஏழு மணி. சாமியறை மூலையில், அந்தப் பகலில், என் கல் முழுதாக விரிந்து நின்றது. ஒன்பது வாயும் மஞ்சள் விரல்களை நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளையாய் உரஞ்சப்பட்டிருந்த இரண்டு குழாய்களின் விளிம்பிலும் புதுத் தோல் நூல்மாதிரி ஏறியிருந்தது. ரியூப்பில் காற்று இருந்தது. தண்ணீர் நகப்பூச்சுக் கோட்டில் சரியாக நின்றது. நெல்லியடிக்கு வந்து போன இவருடைய சைக்கிள் கரியரில் கடல் தண்ணீரும் போயிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. தொட்டிக்கு முன்னால் பலகைக்கட்டையில் மாமி இருந்தார். இன்னும் முழுகிக் குளிக்கவில்லை, தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. ஒரு கை மூக்கைப் பொத்தியிருந்தது. மற்றக் கையில் நீட்டமான ஈர்க்கு, நுனியில் அரிசியளவு றால்.

நான் அழுதுவிட்டேன். மறைக்க முயலவுமில்லை.

மாமி திரும்பவில்லை. ஈர்க்கை அடுத்த வாய்க்கு நீட்டிக்கொண்டே கதைத்தார். மகன் வெளியே வண்டிலடியில் நின்றார். அந்த அறையில் நான் மட்டும்தான்.

"செத்துப்போச்செண்டு சொல்லிப்போட்டுப் போட்டாய். அடுத்த நாள் விடியப் பாக்கிறன், ஒரு வாய் கொஞ்சம் திறந்துகொண்டு நிக்குது. முதல் சோறு குடுத்துப் பாத்தன். பருப்பு மசிச்சுக் குடுத்தன். எல்லாத்தையும் துப்பிப்போட்டுது. திறந்த வாயை வைச்சுக்கொண்டு அது நிக்க, நான் எப்பிடிப் போய் இருந்து சாப்பிடுறது?"

"பகலிலை எப்பிடி விரியுது மாமி? எனக்கு ஒரு நாளும் விரிஞ்சதில்லை."

"பின்னை? மச்சத்தைத் தொட்டிட்டு முழுகாமல் நான் விளக்கு வைக்கேலுமே? முழுக முதல் குடுத்தால்தான் எனக்குச் சரி. நாலைஞ்சு நாள் பொறுத்துப் பாத்தன். பிறகு அது என்ரை நேரத்துக்கு வந்திட்டுது."

கடைசி வாய்க்கும் கொடுத்து முடித்து, ஈர்க்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"கல்லெண்டு ஏன் சொன்னனீ?"

"உயிரெண்டு சொல்லியிருந்தால் வீட்டுக்கை விட்டிருப்பியளே?"

"விட்டிருக்கமாட்டன்" என்றார் உடனே. "ஆனால் நீ கேக்கேல்லையே. ஆறு வரியமா ஒரு கேள்வி என்னட்டைக் கேட்டனியே? எல்லாம் அவனிட்டை. அண்டைக்கும் உந்தப் பெட்டியிலை ஊத்தை பிடிச்சிருக்கு, பிள்ளை வேலையாலை வந்து கஷ்டப்படப் போகுதெண்டுதான் நான் கழுவ எடுத்தனான்."

அவர் என்னோடு கதைக்கவில்லை, கதைக்கவில்லை என்று ஆறு வருடமாக அம்மா வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் திரிந்தவள் நான். நான் அவரோடு கதைத்தேனா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. அந்தத் தொட்டியைத் தேய்த்து மினுக்கி வைத்ததுதான் அவர் எனக்கென்று செய்த முதல் வேலை. அதற்குத்தான் அப்படிக் கத்தினேன்.

வெளியிலிருந்து இவருடைய குரல் கேட்டது. "வண்டில்காரர் நிக்கிறார். உடுப்பு றங்குப்பெட்டியை ஏத்தட்டோ?"

மாமி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"மாமி, நீங்கள் சொல்லுங்கோ. பெட்டியை ஏத்தட்டோ, விடட்டோ?"

மாமி தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு எழும்பினார். கொடியில் கிடந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நடந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"ஒரு நேரச் சாப்பாடு உதுக்குப் போதாது, பிள்ளை. ரெண்டு தரம் முழுக எனக்கு ஏலாது. பின்னேரத்துக்கு நீ குடு."